நுவரெலியாக் குளிரில் நீமோ வளர்க்க: ஐடிசி-308 கருவியும் அதோடு வேண்டியவையும்

கொழும்பில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவரிடம் கேட்டால் வெயிலைத்தான் திட்டுவார். சென்னையிலிருந்து வரும் காணொளிகளும் அப்படியே: தண்ணீரைக் குளிராக்க எந்த சில்லர் வாங்கலாம், எத்தனை மின்விசிறி பூட்டலாம் என்றுதான் பேச்சு. அதைப் பார்த்துவிட்டு நுவரெலியாவில் தொட்டி வைக்கப் போகிறவருக்கு அதில் பாதி உதவாது. இங்கே ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும் நாட்கள் உண்டு. வீட்டுக்குள்ளேயே 12, 13 பாகை செல்சியஸ் காட்டும். நீமோ என்று பலரும் சொல்லும் கோமாளி மீனுக்கு வேண்டியது 25 முதல் 27 வரை. இடையில் உள்ள இந்தப் பன்னிரண்டு, பதினான்கு பாகையை யாராவது இரவு பகலாக நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும்.

அந்த வேலைக்கு வாங்கக்கூடிய கருவிகளில் ஒன்று இங்க்பேர்ட் ஐடிசி-308. இது ஹீற்றர் அல்ல. சுவரில் செருகும் வயர் ஒன்று, தண்ணீருக்குள் போடும் சென்சர் ஒன்று, இரண்டு சொக்கெட் உள்ள சிறு பெட்டி ஒன்று, அவ்வளவுதான். ஒரு சொக்கெட் சூடாக்க, மற்றது குளிராக்க. தண்ணீர் குளிர்ந்தால் முதலாவதற்கு மின்சாரம் விடும், சூடேறினால் இரண்டாவதற்கு விடும். 10 அம்பியர், 220 வோல்ற்றில் 2200 வொட் வரை தாங்கும். நம் தொட்டிக்குப் போகும் சுமை 200 வொட்டைத் தாண்டாது. கறிவேப்பிலை ஏற்ற லொறி பிடித்த கதைதான். அதனால் உள்ளே மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேக்குக் கஷ்டமில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: கருவி நல்லது, கொடுக்கும் காசுக்கு வேலை செய்கிறது. ஆனால் மலைநாட்டில் இதை மட்டும் வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கமுடியாது. எத்தனை வொட் ஹீற்றரை இதில் செருகுகிறீர்கள், தொட்டியைச் சுற்றி என்ன போர்த்தியிருக்கிறீர்கள் என்ற இரண்டும் கருவியைவிட முக்கியம்.

லீற்றருக்கு ஒரு வொட் என்ற கணக்கு இங்கே செல்லாது

கடைகளில் சொல்லும் வாய்ப்பாடு, ஒரு லீற்றருக்கு ஒரு வொட். 100 லீற்றர் தொட்டியா, 100 வொட் ஹீற்றர் எடுங்கள் என்பார்கள். அறை 27 பாகையில் இருக்கும் ஊரில் அது சரி. அங்கே ஹீற்றரே தேவையில்லை என்பது வேறு விஷயம். இங்கே தண்ணீரின் அளவை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கக்கூடாது. கண்ணாடியின் பரப்பும், அறைக்கும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசமும்தான் கணக்கு.

75 × 40 × 40 சென்ரிமீற்றர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்லும் மணலும் போட்டபின் ஏறக்குறைய 100 லீற்றர் தண்ணீர் நிற்கும். ஒரு சோடி ஒசெலாரிஸ் கோமாளி மீனுக்கு இது தாராளம். நான்கு பக்கமும் வெறும் கண்ணாடி, மேலே மூடி இல்லை என்றால், ஒவ்வொரு பாகை வித்தியாசத்துக்கும் சுமார் 10 வொட் வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கும். அறை 12, தண்ணீர் 26 என்றால் 140 வொட். பம்பிகள் ஓடுவதால் கிடைக்கும் சூடு 15 வொட் என்று வையுங்கள். மீதி 125 வொட்டை ஹீற்றர் கொடுக்கவேண்டும். 100 வொட் ஹீற்றர் இரவு முழுக்க அணையாமல் எரிந்தாலும் தண்ணீர் 23.5க்கு மேல் ஏறாது. கருவியில் 26 என்று போட்டிருப்பீர்கள், திரையில் 23.5 நிற்கும்; கருவி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போவீர்கள். பழுது கருவியில் இல்லை.

சரி, 300 வொட் ஹீற்றர் ஒன்றைப் போட்டுவிட்டால் போகுமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. ஹீற்றர் கெட்டுப்போகும் விதம் இரண்டு: எரியாமல் நின்றுவிடுவது ஒன்று, அணையாமல் எரிந்துகொண்டே இருப்பது மற்றது. உள்ளே இருக்கும் இணைப்பு முனைகள் தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொண்டால் இரண்டாவது நடக்கும். 15 பாகை அறையில் 300 வொட் ஹீற்றர் அப்படி ஒட்டிக்கொண்டால் இதே தொட்டி 46 பாகையை நோக்கிப் போகும். மீன் குழம்பு. ஆனால் 100 வொட் ஹீற்றர் இரண்டு போட்டு, அதில் ஒன்று ஒட்டிக்கொண்டால், அது தனியாகத் தண்ணீரை 26, 27க்கு மேல் கொண்டுபோகமுடியாது. இங்குள்ள குளிரே காவல். கொழும்பில் இந்தச் சலுகை கிடையாது.

ஆகவே ஒரு பெரிய ஹீற்றருக்குப் பதிலாக இரண்டு சிறியவை. இரண்டையும் மூன்று துளைப் பலகை ஒன்றில் செருகி, அந்தப் பலகையைக் கருவியின் சூடாக்கும் சொக்கெட்டில் செருகுங்கள். ஒன்று செத்தாலும் மற்றது மீனைக் காலைவரை கொண்டுபோகும்.

ரெஜிபோம்

இந்தக் கணக்கை அடியோடு மாற்றுவது ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் ஒரு அங்குல ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகை. பின்பக்கம், இரு பக்கவாட்டு, அடி என நான்கு இடத்திலும் வைத்து, மேலே கண்ணாடி மூடி போட்டால், பாகைக்கு 10 வொட் போனது 5 வொட்டாகக் குறையும். முன்கண்ணாடி மட்டும் திறந்திருந்தால் போதும். மீனைப் பார்ப்பது அந்த வழியாகத்தானே.

செலவைப் பாருங்கள். அறையின் சராசரி வெப்பம் 17 என்று வைத்தால், போர்த்தாத தொட்டியில் ஹீற்றர் மட்டும் மாதம் 54 யூனிட் வரை இழுக்கும். போர்த்தியதில் 22 யூனிட் அளவுதான். மின்சாரக் கட்டணம் பாவனை கூடக் கூடப் படிப்படியாக ஏறுவது. வீட்டுப் பாவனையோடு இந்த 54 சேர்ந்தால் அடுத்த படிக்குத் தாவிவிடும். ரெஜிபோமுக்குக் கொடுத்த காசு முதல் இரண்டு மூன்று பில்லிலேயே திரும்பிவிடும்.

ஒட்டும்போது கவனம். தின்னர் வாடை வரும் பசை எதுவும் ரெஜிபோமைக் கரைத்துவிடும். சிலிக்கன் அல்லது இருபக்க ரேப் பாவியுங்கள். அடிப்பலகையைத் தொட்டி வைக்குமுன்னே போடவேண்டும், பிறகு தண்ணீர் நிறைந்த தொட்டியைத் தூக்கமுடியாது. சட்டம் கட்டிய தொட்டி என்றால் அடிக்கு ரெஜிபோம் வேண்டாம். எடை சட்டத்தில்தான் நிற்கவேண்டும். வெள்ளையாக இருப்பது பிடிக்காவிட்டால் கண்ணாடிப் பக்கம் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அதன்மேல் பலகையை வையுங்கள். கறுப்புப் பின்னணியில் கோமாளி மீனின் செம்மஞ்சள் எடுப்பாகத் தெரியும்.

போர்த்திய பிறகு ஹீற்றரையும் குறைக்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இப்போது தேவை 14 பாகை வித்தியாசத்துக்கு 70 வொட், அதில் பம்பி கொடுப்பது போக 55. இரண்டு 50 வொட் ஹீற்றர் போதும். பழைய இரண்டு 100 வொட்டையும் அப்படியே விட்டால், போர்த்திய தொட்டியில் ஒன்று ஒட்டிக்கொண்டாலே 38 வரை ஏறும் வாய்ப்பு உண்டு. குளிர் கொடுத்த காவலை ரெஜிபோம் பறித்துவிடுகிறது.

மூடியை இறுக்கமாகப் போடாதீர்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வளியமுக்கம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவு குறையும். 26 பாகைக் கடல்நீரில் கரையோரத்தில் ஒரு லீற்றருக்கு 6.6 மில்லிகிராம் அளவில் நிற்பது இங்கே 5.3 தான். சாதாரண நாளில் மீனுக்கு இது போதும், ஆனால் கையிருப்பு குறைவு. மூடியின் பின் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் இடைவெளி விடுங்கள். அலை பம்பியின் வாயைச் சற்று மேல்நோக்கித் திருப்பி மேற்பரப்பு குலுங்கும்படி வையுங்கள். கோமாளி மீன் பயந்தால் துள்ளி வெளியே விழும். அதற்கும் இந்த மூடி உதவும்.

கருவியை அமைக்கும் விதம்

செற் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அமைப்புக்குள் போகும். எழுத்துகள் ஆங்கிலச் சுருக்கங்களாக வரும், ஆனால் செல்சியஸா பாரன்ஹீற்றா என்று கேட்கும் சிஎஃப்-ஐ விட்டால் ஏழே ஏழுதான்.

டிஎஸ் என்பது வேண்டிய வெப்பம்: 26.0. எச்டி, எவ்வளவு இறங்கினால் ஹீற்றர் எரியவேண்டும் என்பது, 0.5 போடுங்கள். 25.5க்கு எரிந்து 26க்கு அணையும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இது 2.0 என்று இருக்கும். அப்படியே விட்டால் தண்ணீர் 24க்கும் 26க்கும் இடையில் ஊஞ்சலாடும். மீன் பொறுத்துக்கொள்ளும், பவளத்துக்கு அது நல்லதல்ல. சிடி குளிராக்கும் பக்கத்துக்கு: 1.5. அந்தச் சொக்கெட்டில் நுவரெலியாக்காரர் எதையும் செருகவேண்டியதில்லை. பண்டாரவளையிலோ கண்டியிலோ இருப்பவர்கள் ஒரு சிறு மின்விசிறியைச் செருகி வைத்தால் மார்ச், ஏப்ரல் மத்தியானங்களில் பயன்படும். பிடி என்பது குளிரூட்டியின் கொம்பிரசருக்கான தாமதம், அதைத் தொடவேண்டாம். ஏஎச் 28, ஏஎல் 24: இந்த இரண்டையும் தாண்டினால் கருவி கத்தும். தொட்டியை முதன்முதல் நிரப்பும்போது தண்ணீர் 15இல் இருக்கும், கத்திக்கொண்டே இருக்கும். ஆகவே ஏஎல் அமைப்பைத் தண்ணீர் சூடேறிய பிறகு போடுங்கள்.

ஏழாவது சிஏ, அளவீட்டுத் திருத்தம். கருவியின் துல்லியம் ஒரு பாகை கூடக் குறைய இருக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். 26 என்று காட்டும்போது உண்மையில் 25ஆகவோ 27ஆகவோ இருக்கலாம். ஒரு கோப்பையில் ஐஸைப் பொடித்து நிரப்பி, ஐஸ் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, சென்சரை நடுவில் ஐந்து நிமிடம் வைத்துக் கிளறுங்கள். 0.0 காட்டவேண்டும். 0.6 காட்டினால் சிஏ-யை மைனஸ் 0.6 ஆக்குங்கள். கொதிநீரில் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே ஏமாறுவார்கள்: இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடும்.

ஹீற்றரின் தலையில் உள்ள திருகை 28இல் வையுங்கள். கருவி 26இல் அணைக்கும். கருவியின் ரிலே ஒட்டிக்கொண்டால் ஹீற்றர் தானே 28இல் அணைத்துக்கொள்ளும். இரண்டு பூட்டு. சொந்தத் தெர்மோஸ்டாட் இல்லாத ரைற்றேனியம் ஹீற்றர் உடையாது என்பது உண்மைதான், ஆனால் இந்த இரண்டாவது பூட்டு அதில் கிடையாது. அதனால் இந்தக் கருவியோடு சேர்க்கக் கண்ணாடி ஹீற்றரே நல்லது, பிளாஸ்ரிக் கூடு போட்டதாக இருக்கட்டும். கோமாளி மீன் ஒளிந்து வாழும், பூப்போன்ற கடல் உயிரான கடற்சாமந்தி வைத்திருப்பவர்களுக்குக் கூடு கட்டாயம். அது இரவில் நடந்துபோய் ஹீற்றரில் ஒட்டிக்கொண்டால் வெந்து, அழுகி, முழுத் தொட்டியையும் நாசமாக்கும். கோமாளி மீனுக்குச் சாமந்தி இல்லாமலே வாழமுடியும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். புதுத் தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

எங்கே சறுக்கும்

இந்தக் கருவியின் பெரிய பலவீனம் சென்சர் தண்ணீருக்கு வெளியே வந்தால் அதற்குத் தெரியாது என்பது. அறை 15இல் இருக்கிறது, சென்சர் வெளியே தொங்குகிறது, கருவி தண்ணீர்தான் 15க்கு இறங்கிவிட்டது என்று நினைத்து ஹீற்றரை நிறுத்தாமல் எரிக்கும். சென்சரைக் கண்ணாடியில் ஒட்டவைக்கும் ரப்பர் உறிஞ்சி உப்புத் தண்ணீரில் சில மாதத்தில் இறுகி விழுந்துவிடும். அதை நம்பாமல் சென்சர் வயரைக் கேபிள் டையால் ஏதாவது அசையாத குழாயோடு கட்டுங்கள்.

எந்த இடத்தில் கட்டுவது என்பதும் முக்கியம். பின்னால் அறை அறையாகப் பிரித்த தொட்டிகளில் பம்பி இருக்கும் கடைசி அறையில்தான் தண்ணீர் முதலில் இறங்கும். அங்கே சென்சரும் ஹீற்றரும் வைத்தால் இரண்டும் ஒரே நாளில் காற்றில் நிற்கும். நுவரெலியாவில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்பது பலருக்கு அதிர்ச்சி. ஊரே மூடுபனியில் இருக்கிறதே, இங்கே எப்படி ஆவியாகும் என்பார்கள். ஆனால் குளிர்ந்த காற்று, அது நிறைந்திருந்தாலும், பிடித்துவைக்கும் நீராவி மிகக் குறைவு. 26 பாகைத் தண்ணீருக்கு மேலே அந்தக் காற்று வந்ததும் இன்னும் குடிக்க இடம் இருக்கும். கொழும்பின் புழுக்கத்தைவிட இங்கேதான் தொட்டி சீக்கிரம் இறங்கும். அந்த ஆவி போய் ஜன்னல் கண்ணாடியில் வடியும், மூலைச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். மூடி போட்டால் இரண்டும் குறையும். இறங்கிய அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் (மென்சவ்வு வழியே வடிகட்டியது) விடவேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும்.

அதனால் சென்சரையும் ஹீற்றரையும் தண்ணீர் மட்டம் மாறாத முதல் அறையில் வையுங்கள், ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி. தண்ணீர் மாற்றுவதற்கு இருபது நிமிடம் முன்னர் ஹீற்றரை நிறுத்துங்கள். சூடான கண்ணாடி காற்றில் நின்று பிறகு குளிர்ந்த நீர் பட்டால் வெடிக்கும்.

பெட்டிக்கு நீர்ப்பாதுகாப்பு கிடையாது. தொட்டிக்கு மேலேயோ அடியிலுள்ள அலுமாரிக்குள்ளேயோ மாட்டாதீர்கள்; அலுமாரிக்குள் எப்போதும் ஈரம், உப்புப் பூக்கும். பக்கச் சுவரில், தொட்டி மட்டத்துக்கு மேலே, வயர்கள் எல்லாம் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு இறங்கி ஏறும்படி மாட்டுங்கள். வயர் வழியே வழியும் துளி அந்த வளைவில் சொட்டிவிடும், சொக்கெட்டுக்குள் போகாது. வாங்கும்போது பிளக் வகையைப் பாருங்கள். பழைய தோட்டக் குவாட்டர்ஸ்களில் உருண்டை முள் சொக்கெட்தான் இருக்கும், கருவி சதுர முள்ளோடு வந்தால் தளர்வான அடப்ரர் போடத் தோன்றும். இரவெல்லாம் எரியும் ஹீற்றருக்கு அது ஆகாது, சொக்கெட்டையே மாற்றிவிடுங்கள். மின் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லி அம்பியர் ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் உப்புத் தண்ணீரும் ஹீற்றரும் சேர்த்து வைப்பதை யோசிக்கவே வேண்டாம்.

கரண்ட் போனால்

கருவி கத்தும் என்று நம்பியிருப்பவர்கள் கவனிக்க: மின்சாரம் போனால் அதுவும் செத்துவிடும், சத்தமே வராது. வைஃபை உள்ள மாதிரி இருக்கிறது, தொலைபேசிக்கு அறிவிப்பு அனுப்பும். ஆனால் கரண்ட் போனால் வீட்டு ரவுட்டரும் அணைந்துவிடும். அந்த மாதிரிக்குக் கூடுதல் காசு கொடுப்பது இந்த ஒரு காரணத்துக்காக என்றால் வீண்.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. இப்போது அப்படியில்லை என்றாலும், தென்மேற்குப் பருவத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மலைப்பக்கம் நாலைந்து மணி நேரம் இருட்டில் இருப்பது புதிதல்ல. அறை 12 பாகையில் இருக்கும்போது போர்த்தாத தொட்டி முதல் மணியிலேயே ஒரு பாகைக்கு மேல் இழக்கும். நான்கு மணியில் 26இலிருந்து 22க்கு வந்துவிடும். போர்த்தியது அதே நேரத்தில் 24க்கு அருகில் நிற்கும். 22க்குக் கீழே கோமாளி மீன் சோர்ந்து இரை எடுப்பதைக் குறைக்கும்.

ஆனால் குளிருக்கு முன்னே வருவது மூச்சுத் திணறல். பற்றரியில் ஓடும் காற்று பம்பி ஒன்றை முதலில் போடுங்கள். இந்த உயரத்தில் ஒட்சிசன் கையிருப்பு குறைவு என்று மேலே சொன்னது இதற்காகத்தான். கணினிக்கு வைக்கும் சாதாரண யூபிஎஸ் இருந்தால் அதில் ஹீற்றரைச் செருகாதீர்கள். உள்ளே இருப்பது 12 வோல்ற், 7 அம்பியர் மணி பற்றரி, அதாவது 84 வொட் மணி. 100 வொட் ஹீற்றர் அதை முக்கால் மணிக்குள் குடித்துவிடும். அதே பற்றரி 10 வொட் பம்பியைப் பல மணி நேரம் ஓட்டும்.

பிறகு கம்பளியால் முன்கண்ணாடியையும் மூடுங்கள். நேரம் நீண்டால் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, கைபொறுக்காத ஆனால் கொதிக்காத பதத்தில், ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டில் நிரப்பி, மூடியை இறுக்கித் தொட்டியில் மிதக்கவிடுங்கள். 65 பாகையில் இறக்கிய இரண்டு போத்தலும் ஆறி முடியும்போது 100 லீற்றருக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் கூடுதலாகத் தரும். மூன்று லீற்றர் தண்ணீரை முதலே எடுத்துவைக்காவிட்டால் தரையில் வழியும். கொதிநீரை ஊற்றினால் பிளாஸ்ரிக் போத்தல் சுருங்கி நெளியும். அன்றைக்கு இரை போடவேண்டாம்.

கரண்ட் வந்ததும் கருவி பழைய அமைப்புகளை மறக்காமல் தானே தொடங்கும். இது ஒரு நல்ல குணம்.

தண்ணீர், உப்பு, பயணம்

தண்ணீர் மாற்றும்போது 15 பாகைப் புதுத் தண்ணீர் 20 லீற்றரை அப்படியே ஊற்றினால் தொட்டி இரண்டு பாகை இறங்கும். முந்தின இரவே உப்புக் கலந்த வாளியில் மேலதிக 50 வொட் ஹீற்றரையும் சிறு பம்பியையும் போட்டுவிடுங்கள், காலையில் தயார். ஒரு லீற்றருக்கு 35 முதல் 38 கிராம் உப்பு, தயாரிப்பைப் பொறுத்து. உப்பளவைச் சூடேறிய பிறகே பாருங்கள். தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும், முள் ஆடும் ஹைட்ரோமீற்றர் 25 பாகைக்கு அளவிட்டது. 15 பாகைத் தண்ணீரில் 0.002, 0.003 கூட்டிக் காட்டும். 1.025 வந்துவிட்டது என்று நிறுத்துவீர்கள், உண்மையில் 1.022 தான் இருக்கும்.

ஊற்றுத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, இதற்கு ஏன் ஆர்ஓ என்று மலைநாட்டில் கேட்காதவர் இல்லை. தேயிலைக்குப் பிடிக்கும் கொப்புள நோய்க்குச் செப்புக் கலந்த மருந்து அடிப்பது வழக்கம். மரக்கறித் தோட்டங்களில் உரம். மழையில் கழுவி வரும் செப்பு மிகச் சிறு அளவிலேயே நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் கொல்லும். மீன் மட்டும் தப்பி நிற்கும், அதனால் காரணமும் பிடிபடாது. ஆர்ஓ வடிகட்டி கட்டாயம். அதுவும் குளிரில் சோம்பேறி: அதன் மென்சவ்வுக்குக் கொடுக்கும் அளவு 25 பாகைக்கானது, ஒவ்வொரு பாகை இறங்கவும் ஏறக்குறைய 3 சதவீதம் உற்பத்தி குறையும். பெட்டியில் எழுதிய அளவில் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் அது பழுதல்ல.

மீனைக் கொழும்பிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு: நானுஓயா ஏறும் ரயிலில் மிக்சர் பக்கற்று உப்பி வெடிக்கத் தயாராக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மீன் பைக்கும் அதுதான் நடக்கும். கடல்மட்டத்தில் அடைத்த காற்று இங்கே கால் பங்கு பெருக்கும். பையை இறுக்கமாக ஊதவேண்டாம், முக்கால் பங்கு போதும் என்று கடையில் சொல்லுங்கள். பைக்கு மேல் பை, அதை ரெஜிபோம் பெட்டிக்குள், சுற்றிலும் பத்திரிகைத்தாள். பஸ்ஸின் பொதி அறையில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கடலில் பிடிக்கும் கிளார்க்கி கோமாளியும், மாலைதீவுக்கும் நமக்கும் பொதுவான கருங்கால் கோமாளியும் கடைகளில் வரும். அழகானவை, ஆனால் பெரிதாக வளர்ந்து சண்டை பிடிப்பவை; 100 லீற்றருக்கு வேண்டாம். தொட்டியில் பொரித்து வளர்த்த ஒசெலாரிஸ் ஒரு சோடியாக எடுங்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரியது பெண்ணாகிவிடும், சிறியது ஆணாகவே நிற்கும். ஒரே அளவில் இரண்டு எடுத்தால் யார் பெரியவர் என்று முதல் மாதம் கடித்துக்கொள்ளும். கடலில் பிடித்தவற்றில் புரூக்ளினெல்லா நோய் அடிக்கடி வரும்: தோலில் வெள்ளைச் சளி படரும், மூச்சு வேகமாகும், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். பயணக் குளிரில் வாடிய மீனில் அது இன்னும் வேகம்.

புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் முதல் வாரம் இரவு டோர்ச் அடித்துப் பார்த்துப் பதறும் ஒரு காட்சி உண்டு: மீன் மேல் மூலையில், பக்கவாட்டில் சாய்ந்து, செட்டையை மட்டும் மெல்ல அசைத்தபடி நிற்கும். உடனே கருவியில் 28 என்று கூட்டிவிடுவார்கள். கூட்டவேண்டாம். அது தூங்குகிறது. விடியற்காலை ஐந்தரைக்கு, அறை மிகக் குளிர்ந்திருக்கும் நேரத்தில், திரையைப் பாருங்கள், 25.5க்கும் 26க்கும் இடையில் இருந்தால் எல்லாம் சரி. மீன் ஹீற்றர் கூட்டோடு ஒட்டிக்கொண்டு, விளக்கு வந்தும் நகராமல், இரைக்கும் வராமல் இருந்தால் சென்சரைத் தூக்கி ஐஸ் கோப்பையில் வைத்துப் பாருங்கள்.